தோற்றம், மறைவு, நடுவில் ஒரு வேலை

எங்கள் ஊரில் யாராவது தவறிவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடுகிறது. நடுவில் படம், மேலே கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் தோற்றம், மறைவு, கீழே மகன் மருமகள் பேரன் பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள், பேரன் துபாயிலோ சவுதியிலோ இருந்தால் அதுவும் சேர்த்து. அந்த மனிதர் ஐம்பது அறுபது வருஷம் என்ன வேலை செய்தார் என்பதற்கு அதில் ஒரு வரி இருப்பதில்லை. பெண்கள் என்றால் இன்னும் மோசம், "இன்னாரின் துணைவியார்" என்பதோடு முடிந்துவிடும். துணைவியார் தினமும் விடியற்காலை கடலுக்குள் இறங்கி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பார், அது எங்கேயும் வராது.

இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. எண்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதும் போய்விடுகிறது. அதனால் எனக்குத் தெரிந்த சிலரைப் பற்றி, அவர்கள் செய்த வேலையை முன்னால் வைத்து எழுதுகிறேன். பெயர் யாருக்கும் போடவில்லை, குடும்பங்கள் எல்லாம் ஊரில்தான் இருக்கின்றன. ஊர் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, தென்கடல் ஓரத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கம் கடல் இரண்டு. பாக் விரிகுடா பக்கம் வடகடல், மன்னார் வளைகுடா பக்கம் தென்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் குமுறும், கச்சான் காற்று அடித்தால் தென்கடல் குமுறும். காற்று மாறும்போது வலையையும் வள்ளத்தையும் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு மாற்றிக்கொண்டு தொழில் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

ஃப்ளெக்ஸில் போடும் அந்தத் தோற்றம் தேதிகூடப் பாதி ஊகம்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலரின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றிருக்கும். கேட்டால், "புயலப்ப எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருசம்" என்பார்கள், "புயலுக்கு மறு ஆடியில மூத்தவன் பொறந்தான்" என்பார்கள். இங்கே புயல் என்றாலே அது ஒன்றுதான், 1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடி போன புயல். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக் கொண்டு போனது, அதில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. அதுவரை சென்னையிலிருந்து போட் மெயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, அங்கே கப்பல் பிடித்துத் தலைமன்னார் போகலாம். அந்தத் துறையில் பெட்டி தூக்கும் வேலைக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் உண்டு. அதில் ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் தெருக் கடைசி வீட்டுத் தாத்தா. புயலுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மை கண்டு ஊருக்கு வந்தவர், அதனால்தான் உயிரோடு இருந்தார். அவரோடு ஒரே கொட்டகையில் தூங்கியவர்கள் யாரும் திரும்பவில்லை.

எல்லோரும் அவரிடம் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். டிவிக்காரர்கள்கூட ஒரு தடவை வந்து கேட்டார்கள். அவர் அந்த ராத்திரி அங்கே இல்லை, அவரிடம் சொல்வதற்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் கப்பல் வரும் நாளில் தனுஷ்கோடி எப்படி இருக்கும் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். எந்தப் பயணி கூலி பேசாமல் கொடுப்பான், டிரங்குப் பெட்டியை எந்தப் பக்கம் பிடித்தால் இடுப்பு தாங்கும், சுங்கக்காரர்கள் எந்த மூட்டையைப் பிரிப்பார்கள், இதெல்லாம். புயலுக்கு அப்புறம் அவர் பாம்பன் பாலத்து வேலைக்குக் கூலியாகப் போனார். 1914-இல் திறந்த பாலம் அது, தூணுக்குத் தூண் ஒரு கண் என்று 145 கண். புயலில் 126 கண்களின் கர்டர்கள் கடலுக்குள் விழுந்துவிட்டன, கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுத் தூக்குப் பகுதி மட்டும் பிழைத்தது. விழுந்ததைக் கடலிலிருந்தே மீட்டு எடுத்து 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்கள். பொறுப்பாக இருந்த ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய அதே ஸ்ரீதரன், அவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்று சங்கிலி மாட்டிய கூலி ஆட்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். தாத்தாவுக்கு அந்த வேலையில் இடது கைச் சுண்டு விரல் போனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது அவர் இல்லை.

சரி, என் அப்பத்தாவுக்கு வருகிறேன். அப்பத்தா பாசிக்குப் போனவர்.

பாசி என்றால் கடற்பாசி. எங்கள் கரையில் பெண்கள் இறங்கிச் செய்யும் தொழில், பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடி தாண்டியும் பல ஊர்களில் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று வகை. மரிக்கொழுந்துக்கும் கஞ்சிக்கும் அகர் எடுப்பார்கள், மதுரைப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போகும். ஐஸ்கிரீமில் இருக்கிறது, மருந்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் இருக்கிறது. கட்டக்கோரையிலிருந்து எடுப்பது துணிச் சாயத்துக்கும் வேறு பலதுக்கும் போகிறது. மரிக்கொழுந்துக்குத்தான் விலை அதிகம், அது பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், கிடைப்பதும் கஷ்டம்.

அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அப்போதுதான் நீர் நன்றாக வற்றும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, தூக்குவாளியில் பழைய சோறும் கருவாடும் எடுத்துக்கொண்டு வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறுவார்கள். தீவுப் பக்கம் பாறை இருக்கும் இடத்தில் இறங்கி, இடுப்பளவில் தொடங்கி நெஞ்சளவு வரைக்கும் போய், அப்புறம் முங்கி முங்கி எடுக்க வேண்டும். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, முழுக்கை வைத்தது. கண்ணுக்குக் கண்ணாடி. விரல் பத்துக்கும் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், சிலர் மேலே ரப்பரும் மாட்டுவார்கள். காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அப்படியும் பாறை கிழிக்கும். சொறி, அதுதான் ஜெல்லி மீன், பட்டால் உடம்பு முழுக்கத் தடித்துவிடும், அன்றைக்கு வீட்டுக்கு வந்து வினிகரோ எதுவோ தடவிக்கொண்டு மறுநாள் மறுபடி போவார்கள்.

அப்பத்தா எடுக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொத்தாகப் பிடித்து வேரோடு பிடுங்க மாட்டார், அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் கிள்ளுவார். "அடிய விட்டாத்தான் அடுத்த அமாவாசைக்கு அது நமக்கு" என்பார். இதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை, அவருடைய மாமியார் சொன்னது. 1986-இல் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், பிற்பாடு தீவுப் பக்கமே போகக்கூடாது என்று கெடுபிடி வந்தது. கடலைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் அந்தக் கடலில் அடியை விட்டுக் கிள்ளிய பெண்களைத் திருடர்களைப் போல நடத்தியது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வத்தையை மறித்து, எடுத்த பாசியைத் திரும்பக் கடலில் கொட்டச் சொன்ன நாட்கள் உண்டு. ஒரு நாள் முழுக்க முங்கி எடுத்தது. அப்பத்தா அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, உலையும் வைக்கவில்லை.

பிற்பாடு பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் போவது, இன்ன மாதம் போகாமல் விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் காட்டிப் படித்துச் சொன்னபோது அப்பத்தா படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்மள மாதிரியேதான் இருக்கா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. கடலில் மீன் பிடிப்பவன்தான் மீனவன், பாசி எடுப்பவள் மீனவப் பெண் இல்லை என்று சொல்லி அடையாள அட்டைக்கே அலைய விட்ட காலம் அது. அப்பத்தாவுக்குக் கடைசி வரை அட்டை கிடைக்கவில்லை. விரல் ரேகை பாறையில் தேய்ந்து தேய்ந்து அழிந்துபோய், ரேஷன் கடையில் கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவே ஏற்காது, பேத்தியைக் கூட்டிக்கொண்டுதான் அரிசி வாங்கப் போவார். ஒரு பெண் எவ்வளவு வேலை செய்தாள் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

அவர் சம்பாத்தியத்தில்தான் என் அப்பா பத்தாவது முடித்தார், என் அத்தை டீச்சர் டிரெயினிங் போனார். ஐயா, அப்பத்தாவின் வீட்டுக்காரர், நல்ல மனிதர், வலைக்குப் போனார், கிடைத்த மீனில் பாதி வள்ளத்து முதலாளியான சம்மாட்டிக்குப் பட்ட கடனுக்குப் போய்விடும். வீட்டைத் தூக்கி நிறுத்தியது பாசிதான்.

அப்பத்தாவின் செட்டுக்காரர் ஒருவர் இருந்தார், அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், ஒரே வத்தையில் போகிறவர்கள். அவர் மலைநாட்டிலிருந்து வந்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது, அதில் வந்த குடும்பம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, மற்றவர்கள் நீலகிரிக்கும் வேறு ஊர்களுக்கும் போக, இவர் எங்கள் ஊர்ப் பையன் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். கொழுந்து பறித்த கை. பிறந்ததிலிருந்து பனியும் மலையும் பார்த்தவர், இந்த வெயிலுக்கும் உப்புக்கும் வந்து சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு நீச்சல் பழகியிருக்கிறார். பாசி கிள்ளுவதில் அவர் வேகத்துக்கு யாரும் வர முடியாது என்று அப்பத்தாவே சொல்வார். சாகும் வரைக்கும் வீட்டு வரிசையை லயம் என்றுதான் சொன்னார், காலையில் சாயம், அதாவது பால் இல்லாத தேயிலை, இனிப்பைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பார். எங்களுக்கு அதில் ஒரு வாய் கிடைக்கும். அங்கே விட்டுவிட்டு வந்த அக்கா ஒருத்தி இருந்தாள், 83 கலவரத்துக்கு அப்புறம் கடிதமே வரவில்லை. முகாமுக்குப் புதிதாகப் படகில் அகதிகள் வந்திறங்கிய ஒவ்வொரு தடவையும் இவர் மண்டபத்துக்குப் போய்க் கேட்டு வருவார்.

சங்கு குளித்த பெரியவர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, முங்கி முங்கிப் போனது. சங்கு மணலில் நகர்ந்து போன தடம் அடியில் தெரியுமாம், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் முனையில் சங்கு இருக்கும். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவுதான் சாமான். அவர் இளவயதில் சங்கு அரசாங்கத்துடைய சொத்து, எடுத்ததை எல்லாம் மீன்துறையிடம் கொடுத்துவிட வேண்டும், அளவு வளையத்துக்குள் நுழைந்து விழும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். பிறகு சங்கெல்லாம் கொல்கத்தா போகும், அங்கே கல்யாணமான பெண்களுக்கு வளையல் அறுப்பார்கள். தான் எடுத்த சங்கு கையில் வளையலாகக் கிடப்பதை அவர் அறுபது வயசுக்கு மேல்தான் பார்த்தார், ராமேஸ்வரம் கோயில் கிழக்கு வாசலில், வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண்ணின் கையில். அந்த அம்மாவிடம் சைகையிலேயே, இது நான் எடுத்தது, தண்ணீருக்குள்ளே போய் எடுத்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா என்ன புரிந்துகொண்டாரோ, குனிந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். இதை அவர் ஊரில் எல்லோரிடமும், ஒரே ஆளிடம் பல தடவையும், சொல்லியிருக்கிறார். வலம்புரி கிடைத்ததா என்று கேட்பவர்களிடம் மட்டும் முகம் கொடுக்க மாட்டார்.

இன்னொருவர் கல் உடைக்கப் போனவர். இது பேசக் கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனால் அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். பவளப்பாறையைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவது. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், பாக்டரிகளுக்குப் போகும், எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் அஸ்திவாரமே அந்தக் கல்தான். கூலிக்குத்தான் போனார்கள், யாரோ வாங்கியதால்தான் உடைத்தார்கள். இந்த வரிசையில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன, கல் எடுத்ததுதான் பெரிய காரணம். அந்தப் பெரியவர் கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடம் எல்லாம், "தீவை நாங்கதான் அப்பு தின்னோம்" என்று சொல்வார். எந்தப் பக்கம் பாறை எவ்வளவு உயரம் இருந்தது, எங்கே எந்த மீன் அடையும் என்று அவருக்கு அத்துப்படி. இன்றைக்குப் பவளத்தைத் திரும்ப வளர்க்கிறோம் என்று கடலுக்குள் ஃப்ரேம் இறக்குகிறார்கள், நல்ல வேலை. இறக்குவதற்கு முன்னால் இவரை மாதிரி ஒருவரை வத்தையில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆவுளியா, அதுதான் கடல்பசு, எந்தப் பக்கம் கோரை, அதாவது கடல்புல், மேய வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததற்குக் காரணம் அதைப் பிடித்துத் தின்றதுதான் என்றாலும்.

மீன் கூடை தூக்கிய பெண்கள், ஊற்றுத் தண்ணீர் இறைத்த பெண்கள், பனையேறிகள் எல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியவர்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம். கடற்கரை மணலில் முழங்கை ஆழத்துக்கும் கொஞ்சம் கூடத் தோண்டினால் நல்ல தண்ணீர் கசியும், அதைச் சிரட்டையால் மோந்து மோந்து குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டுக் கலக்கினால் உப்பு ஏறிவிடும். கோடையில் ஒரு குடம் நிறைய அரை மணிக்கு மேல் ஆகும், வரிசையில் உட்கார்ந்தபடியே பெண்கள் ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சண்டைகளும் சமாதானங்களும் கல்யாணப் பேச்சுகளும் பெரும்பாலும் அந்த ஊற்றடியில் நடந்தவை. இன்றைக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, வராத நாளில் லாரி வருகிறது. ஊற்று எங்கே தோண்டினால் இனிக்கும் என்று தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இப்போது இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், இரண்டு பேருமே எழுந்து நடக்க ஆள் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், அதற்கு "எங்க, கஷ்டந்தான்" என்று ஒரே பதில்தான் வரும். விடியற்காலை எழுந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கூலி யார் கையில் கொடுப்பார்கள், பணமாகவா நெல்லாகவா, உடம்பு சரியில்லாத நாளில் உங்கள் வேலையை யார் பார்த்தார்கள், இந்த வேலையை யாரிடம் பழகினீர்கள். பாட்டிமார்களிடம் தனியாகக் கேளுங்கள், தாத்தா பக்கத்தில் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார். வலை, பனையேறிகளின் பாளை அரிவாள், தளைநார், பாசிக்காரர்களின் கண்ணாடி என்று பழைய சாமான் எதையாவது கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் கையே பாதி பேசிவிடும், அதை வீடியோவாகவும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஃப்ளெக்ஸ் அடிக்கும் தம்பிகளிடம் ஊரில் பேசிவிட்டேன். போன மாதம் தவறிய பெரியம்மா ஒருவருக்கு, பெயருக்குக் கீழே "45 ஆண்டுகள் பாசி எடுத்தவர்" என்று ஒரு வரி சேர்த்துப் போட்டோம். வீட்டில் முதலில் தயங்கினார்கள், மகனுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்குமோ என்று பயம். மகன் கத்தாரிலிருந்து வந்து இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு, எழுத்தை இன்னும் பெரிசாகப் போட்டிருக்கலாம் என்றான். அடுத்து நூல் வலைக்காரர் ஒருவரிடம் உட்காரப் போகிறேன், நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூல் வலைக்கு மரப்பட்டை காய்ச்சிச் சாயம் ஏற்றியவர். எந்த மரம், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று அவருக்கு நினைவிருக்கிறது. கச்சான் கொஞ்சம் அடங்கட்டும், வாசலில் உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார். உங்கள் ஊரில் அந்தச் சாயம் காய்ச்சிய யாராவது இருந்தால், அவர்கள் சொல்வதையும் எழுதி அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்தே போடுகிறேன்.